புதுப்பிப்பு: பழைய 4831 ராணுவ வெடிமருந்து

மாமனாரின் பரணில் கிடைத்த ராணுவ உபரி 4831-ஐ (20 மி.மீ. பீரங்கிக் குண்டுக்கான வெடிமருந்து) ரைஃபிள் தோட்டாவில் நிரப்பலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

“முதலில் முகர்ந்து பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஈதர் வாசனை வர வேண்டிய இடத்தில் அமில நெடி மூக்கைக் குத்தியது. மூடியின் உட்புறம் துரு, வெள்ளைத் தாளில் கொட்டினால் செம்பழுப்புத் தூள். சரி, கெட்டுவிட்டது. மருந்து சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தி பரண் வெக்கையில் தீர்ந்திருக்கும்.

எதிர்பாராதது: மாமனார் இதே மருந்தை எப்போதோ நிரப்பி வைத்த தோட்டாக்களைப் பிரித்தால், பித்தளை உறைக்குள் பச்சைக் களிம்பு. உறைகளும் குப்பைக்கே. மருந்தைப் புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிட்டேன்.