புதுப்பிப்பு: பூஸ்டர் பொருத்தியபின் ஆடிய வால்வு இப்போது நிற்கிறது

கிருஷ்ணகிரி அருகே எங்கள் ஆலையில் உள்ள நீராவிக் கட்டுப்பாட்டு வால்வு மூடுவதற்கு 12 விநாடி எடுத்ததால், அதை வேகமாக நகர்த்தக் கூடுதல் காற்று தரும் வால்யூம் பூஸ்டர் பொருத்தியதையும், அதன்பின் வால்வின் தண்டு ஓயாமல் மேலும் கீழும் ஆடியதையும் சென்ற முறை எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பொசிஷனர் (வால்வைச் சொன்ன நிலையில் நிறுத்தும் கருவி) தரும் காற்று பூஸ்டருக்கு ஒரு சைகை மட்டுமே. அந்தக் காற்று பூஸ்டருக்குள் உள்ள டயாஃபிரத்தை (வளையும் சவ்வை) அழுத்தும்போது, பூஸ்டர் தன் சொந்த சப்ளை வழியிலிருந்து அதே அழுத்தத்தில், ஆனால் பன்மடங்கு அளவில், வால்வை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குக் காற்றை அனுப்புகிறது. எங்கள் பூஸ்டரில், பொசிஷனரின் காற்றைப் பூஸ்டரைத் திறக்காமலே ஆக்சுவேட்டருக்கு விடும் பைபாஸ் திருகு முழுவதும் மூடியிருந்ததால், பொசிஷனரின் மிகச் சிறிய திருத்தத்துக்கும் பூஸ்டர் பாய்ந்து திறந்தது, வால்வு இலக்கைத் தாண்டியது, பொசிஷனர் எதிர்ப்பக்கம் திருத்தியது, ஆட்டம் தொடர்ந்தது.

நேற்று திருகைக் கால் சுற்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் சிக்னலைச் சற்றே மாற்றிப் பார்த்தோம். ஒன்றரைச் சுற்றில் தண்டு அசையாமல் நின்றது. இப்போது சிறு திருத்தங்கள் பைபாஸ் வழியே நேராக ஆக்சுவேட்டருக்குச் செல்கின்றன. பெரிய மாற்றத்துக்கு மட்டுமே பூஸ்டர் திறக்கிறது. திருகை அளவுக்கு மீறித் திறந்தால் பூஸ்டர் இருந்தும் பயன் இராது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கூடவே, கால் அங்குல சப்ளைக் குழாயை அரை அங்குலமாக மாற்றினோம். காற்று போதாத பூஸ்டரால் வேகம் தர முடியாது. வால்வு இப்போது 3 விநாடியில் மூடுகிறது.