மறுமொழி: மூட்டூசி சரி, ‘போலி ஊசி’ வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

மூட்டுக்குள் நேராகப் போடும் ஊசிக்கு (intra-articular injection) நம் கலைச்சொல் பட்டியலில் ‘உள்மூட்டு ஊசிமருந்தேற்றம்’ என்று முன்வைத்திருந்ததைப் பார்த்தேன். பொருளில் குறையே இல்லை. ஆனால் முழங்கால் தேய்மானத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறவர் இதை எத்தனை தடவை எழுதுவார்? மூன்றாவது பத்தியிலேயே ‘இஞ்செக்‌ஷன்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். தடுப்பூசி நிலைத்தது எப்படி என்று பாருங்கள், இரண்டு சொல்லும் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்தவை, சேர்ந்ததும் ஒட்டிக்கொண்டன. அதே வழியில் மூட்டூசி என்கிறேன். துணி மூட்டுகிற ஊசியா என்று யாராவது கேலி செய்வீர்கள், தெரியும். செய்யுங்கள்.

எனக்குச் சிக்கல் அடுத்த சொல்லில்தான். மூட்டூசி மருந்து பயன் தருகிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். இரண்டாவதைப் ‘போலி ஊசி’, ‘மருந்துப்போலி ஊசி’ என்றெல்லாம் எழுதி வருகிறோம். மாத்திரைக்கு மருந்துப்போலி (placebo, மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) சரியாகவே பொருந்துகிறது. முழங்காலுக்கு அப்படி இல்லை. தோலைத் துடைத்து, முழங்கால் சில்லின் ஓரமாக ஊசியை இறக்கி, மூட்டில் நீர் கோத்திருந்தால் அதை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம்தான் உப்புநீரை உள்ளே விடுவார்கள். நீரை எடுத்ததிலேயே இறுக்கம் குறையும். உள்ளே போன திரவம் மூட்டுநீரோடு கலக்கவும் செய்கிறது. இதில் எதைப் போலி என்பது?

2021-இல் வெளிவந்த ஆஸ்திரேலியச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 288 பேர், பாதிப் பேருக்குப் பிஆர்பி, அதாவது அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணு மிகுந்த பிளாஸ்மா, மீதிப் பேருக்கு உப்புநீர், வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். 12 மாதம் கழித்து, பத்துக்கு எத்தனை என்று சொல்லும் வலி அளவில் பிஆர்பி குழுவில் சராசரியாக 2.1 குறைந்திருந்தது, உப்புநீர்க் குழுவில் 1.8. குருத்தெலும்பின் அளவிலும் பேசும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் ‘பிஆர்பியும் போலி ஊசியும் ஒன்றே’ என்று தமிழில் எழுதினால் வாசிக்கிறவருக்கு என்ன தோன்றும்? பிஆர்பியால் பயனில்லை என்பது புரியும், சரி. கூடவே, உப்புநீரில் வலி குறைந்தது என்று சொன்னவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்றும் தோன்றிவிடும். அவர்களுக்கு வலி குறைந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சோதனைக்கு வந்து சேருகிறார்கள், அது தானாகவும் கொஞ்சம் தணியும், ஊசி என்றாலே ஒரு நம்பிக்கை வேறு. வாயால் விழுங்கும் மருந்துப்போலியைவிட மூட்டுக்குள் போடும் உப்புநீருக்கு விளைவு அதிகம் என்று 2015-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மருந்து தாண்ட வேண்டிய கோடே மாத்திரைச் சோதனைகளில் இருப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. ‘போலி’ என்கிற சொல் இதை அப்படியே மறைத்துவிடுகிறது.

ஆகவே ஒப்பூசி. மருந்தோடு ஒப்பிடுவதற்காகப் போடும் ஊசி, அவ்வளவுதான். எதைப் போட்டார்கள் என்று சொல்ல வேண்டுமானால் உப்புநீர் ஒப்பூசி என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. சில சோதனைகளில் ஊசியை மூட்டுக்குள் விடாமல் தோலோடு குத்தி எடுத்துவிடுவார்கள், உள்ளே எதுவும் போகாது. அதுதான் உண்மையில் போலி ஊசி! இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், உப்புநீரே ஏதாவது செய்கிறதா என்று சோதிக்கிற ஆய்வைத் தமிழில் எழுதவே முடியாது, ‘போலி ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்டனர்’ என்றுதான் எழுத வேண்டிவரும்.

ஒப்பூசி என்றால் ‘ஒப்புதல்’ நினைவுக்கு வருமே, ஒப்புதல் படிவத்தை வாசிக்கிற நோயாளி குழம்ப மாட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. படிவத்தில் கலைச்சொல்லே வேண்டாம், ‘உங்களுக்கு மருந்தும் கிடைக்கலாம், வெறும் உப்புநீரும் கிடைக்கலாம்’ என்று நேராக எழுதிவிட வேண்டும். ஒப்பூசி கட்டுரைக்கும் பாடநூலுக்கும்.

யாருக்கு மருந்து, யாருக்கு உப்புநீர் என்பதை இரு தரப்புக்கும் தெரியாமல் வைக்கும் double-blind முறைக்குப் பட்டியலில் உள்ள ‘இருமறைப்பு’ எனக்கும் உடன்பாடுதான், ‘இரட்டைக் குருட்டு’ போய்த் தொலையட்டும். ஆனால் விளக்கத்தில் ‘மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாது’ என்று இருப்பதைத் திருத்த வேண்டும். ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும், உப்புநீர் தெளிவாக இருக்கும், பிஆர்பி மஞ்சளாக இருக்கும். சிரிஞ்சை மூடி நோயாளியிடமிருந்து மறைத்துவிடலாம். மூட்டில் வழுவழுப்புக்காகப் போடும் ஹையலூரானிக் அமிலமோ கொழகொழவென்று இருக்கும், சிரிஞ்சை அழுத்தும்போதே போடுகிறவரின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் ஊசி போடுபவர் ஒருவர், பின்னால் வலியையும் நடையையும் மதிப்பிடுபவர் வேறொருவர் என்று பிரிப்பார்கள். பிஆர்பி சோதனையில் உப்புநீர்க் குழுவினரிடமும் ரத்தம் எடுப்பது இந்த மறைப்புக்காகத்தான். விளக்கத்தில் ‘நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும்’ என்று மாற்றிவிடலாம்.

ஒப்பூசிக்கு ஆதரவாக இன்னும் ஒன்று. 2017-இல் வந்த அமெரிக்கச் சோதனையில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகள், ட்ரையாம்சினலோன் 40 மி.கி. அல்லது உப்புநீர் போட்டார்கள். வலியில் வித்தியாசமில்லை, குருத்தெலும்பு மட்டும் மருந்துக் குழுவில் 0.21 மி.மீ. தேய்ந்தது, உப்புநீர்க் குழுவில் 0.10. ‘மருந்தைவிட ஒப்பூசியில் தேய்வு குறைவு’ என்று எழுதிப் பாருங்கள், உடனே புரிகிறது. அதே இடத்தில் ‘போலி’யை வைத்தால் வாக்கியமே நக்கல் மாதிரி ஆகிவிடுகிறது. 2020-இல் ஸ்டீராய்டு ஊசியையும் உடற்பயிற்சி அடங்கிய இயன்முறை சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 156 பேர், ஓராண்டில் இயன்முறைக் குழுவே மேல். அங்கே நோயாளியிடமிருந்து மறைப்பதற்கு வழியே கிடையாது, அதை ‘ஒப்பூசி இல்லாச் சோதனை’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

பிஆர்பிக்கு ‘தட்டணுமிகு குருதிநீர்மம்’ என்று பட்டியலில் இருக்கிறது. எனக்கு நாக்கு சுளுக்குகிறது. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது ஒன்று இருந்தால் போடுங்கள், அதுவரை பிஆர்பி என்றே இருக்கட்டும்.