கதிருக்கு எந்த அளவு? ‘சைக்கிள் கடை வீட்டார்’ குழுவில் ஒரு வியாழன் மாலை

5:04 பிரபு அத்தான்: கதிர், கடையில் நிற்கிறேன். உன் பட்ஜெட்டுக்கு ஒத்துவருகிற மாதிரி இரண்டு ஃபிரேம் இருக்கின்றன. எது?

5:04 பிரபு அத்தான்: [படம்] [படம்]

5:04 நான்: சிவப்பு!!!

5:05 நான்: அளவு என்ன அத்தான்?

5:06 பிரபு அத்தான்: கறுப்பில் 54 என்று ஒட்டியிருக்கிறது. அலுமினியம். சிவப்பில் ஒன்றும் எழுதவில்லை. இரும்பு. ஜப்பானில் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் ஓடியது என்கிறார் கடைக்காரர். ஒன்பது மணிக்குக் கடை மூடுகிறார். இங்கே சிங்கப்பூரில் இப்போது 7:36.

5:07 கமலா அத்தை: பிரபு கோடாலித் தைலம் வாங்கினாயா

5:07 பிரபு அத்தான்: வாங்கிவிட்டேன் அம்மா. ஆறு.

5:07 கமலா அத்தை: பெரிய பாட்டிலா

5:09 அம்மா: என்ன ஃபிரேம்? தங்கை வளைகாப்புக்கு வருகிற பிள்ளையிடம் சைக்கிள் கேட்டது யார்?

5:09 அப்பா: எனக்கும் இப்போதுதான் தெரியும்.

5:10 தேவி அக்கா: சித்தப்பாவுக்கு எல்லாமே இப்போதுதான் தெரியும் 😄

5:11 நான்: அம்மா, முழுச் சைக்கிள் இல்லை. ஃபிரேமும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் மட்டும். மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். பணம் என்னுடையது. சக்கரமும் மற்றவையும் இங்கே வாங்கிக்கொள்வேன்.

5:12 சுப்பு மாமா: [பலமுறை பகிரப்பட்டது] வெறும் வயிற்றில் வெந்தயம்! 48 நாளில் நடக்கும் அதிசயம்!

5:16 பெரியப்பா: கதிர், அவசரப்படாதே. அளவு என்பது வண்டியின் உயிர். நம் கடையில் வாடகைக்கு விட்டதே நான்கு வகை. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி, முழு வண்டி. முழு வண்டியில் 22 என்றும் 24 என்றும் இரண்டு ஃபிரேம். இது சக்கரத்தின் அளவு என்று நினைத்துக்கொண்டே முப்பது வருடம் சைக்கிள் ஓட்டியவர்கள் நம் தெருவில் உண்டு. சக்கரம் இரண்டிலும் 28 தான். 22, 24 என்பது சீட்டுக்குக் கீழே இறங்குகிற குழாயின் நீளம். உன் 54 சென்டிமீட்டர் என்பது 21¼ அங்குலம். அப்பா, அதாவது உன் தாத்தா, நாடா எடுத்து அளந்து நான் பார்த்ததில்லை. வருகிறவரைப் பாரின் மேல் கால் போட்டு நிற்கச் சொல்வார். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். ஆளுக்கும் பாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அடுத்த வண்டி.

5:17 தேவி அக்கா: இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தது யார் அப்பா?

5:18 பெரியப்பா: தேவி, பெரியவர்கள் பேசும்போது.

5:19 அப்பா: வளரும் பிள்ளைதானே. பெரியதாகவே வாங்கிவிட்டால் என்ன?

5:19 தேவி அக்கா: அவனுக்கு 20 வயது சித்தப்பா. பள்ளிச் சீருடையா எடுக்கிறீர்கள்?

5:21 நான்: என் உள்கால் அளவு 30 அங்குலம். 76 செ.மீ. அதை 0.67ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு 51 வருகிறது. கறுப்பு 54. சிவப்பு பார்க்கவே சின்னது. அப்படியென்றால் சிவப்புதான்.

5:21 பிரபு அத்தான்: 30 எங்கே பார்த்தாய்?

5:22 நான்: ஜீன்ஸ் பட்டையில்.

5:22 பிரபு அத்தான்: 🤦

5:25 பெரியப்பா: அது துணிக்காரன் அளவு. பேன்ட் தையல் கூடுகிற இடம் வேறு, எலும்பு சீட்டில் உட்காருகிற இடம் வேறு. போதாததற்குப் பேன்ட் கணுக்காலோடு நின்றுவிடும், தரை வரை வராது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடி. புத்தகத்தின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், சாயக்கூடாது. மேல் விளிம்பில் கோடு போட்டுத் தரையிலிருந்து அள. ஒரு தடவை போதாது. மூன்று தடவை.

5:26 அம்மா: எந்தப் புத்தகம்? சாமி புத்தகத்தைத் தொட்டால் பார்.

5:26 தேவி அக்கா: உங்கள் கல்யாண ஆல்பம் சித்தி. அதைவிடக் கெட்டி அட்டை இந்தக் குடும்பத்தில் கிடையாது.

5:27 வனிதா: அண்ணா தள்ளுவண்டி பெட்டியில் வைத்தாயிற்றா?

5:27 கமலா அத்தை: எந்தத் தள்ளுவண்டி

5:28 வனிதா: குழந்தைக்கு அம்மா.

5:28 கமலா அத்தை: பிறக்கும் முன் குழந்தைச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது. எத்தனை தடவை சொன்னேன்

5:29 பிரபு அத்தான்: அம்மா, அப்புறம் பேசலாம். கதிர், அளந்தாயா?

5:36 நான்: முதலில் 82. அப்பா நாடாவைச் சாய்த்துப் பிடித்துவிட்டார். அடுத்து 80. மறுபடியும் 80.

5:36 அப்பா: நாடா நேராகத்தான் இருந்தது.

5:37 அம்மா: சுவரில் மூன்று பென்சில் கோடு. போன மாதம்தான் வெள்ளையடித்தது.

5:38 நான்: 80 × 0.67 = 53.6. சீட்டு உயரத்துக்கு 0.883. அது 70.6 வருகிறது. கிரெக் லெமாண்ட் முறை.

5:39 பெரியப்பா: யார் அவர்?

5:39 நான்: டூர் டி பிரான்ஸ் மூன்று முறை ஜெயித்த அமெரிக்கர் பெரியப்பா. 1986, 89, 90.

5:40 பெரியப்பா: நல்லது. தாத்தா கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாகத்தான் வரும். பிரபு, கறுப்பில் 54 என்பது எங்கிருந்து எங்கே? அதைக் கேள். குழாயின் மேல் விளிம்பு வரையா, பார் வந்து சேருகிற இடத்தின் நடு வரையா?

5:46 பிரபு அத்தான்: கடைக்காரரிடம் நாடா வாங்கி நானே அளந்தேன். பெடல் அச்சின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை 54. பாரின் நடு வரை 52.5. சிவப்பு நடுவுக்கு நடு 50.

5:47 நான்: 53.6 நடுவுக்கு நடு கணக்கு. ஆக இரண்டுமே சின்னது. கறுப்பு ஒன்று குறைகிறது, சிவப்பு மூன்றரை. சீட்டுத் தண்டை ஏற்றினால் சரியாகிவிடாதா? சிவப்பு அத்தான். சிவப்பு.

5:48 தேவி அக்கா: இவன் நிறத்துக்கு அளவு தேடுகிறான்.

5:52 பெரியப்பா: சீட்டை ஏற்றினால் காலுக்குச் சரியாகும். முதுகுக்கு? சீட்டு ஏறினால் ஹேண்டில் கீழே போன மாதிரி ஆகும். தண்டு பின்பக்கம் சாய்ந்து ஏறுவதால் கொஞ்சம் பின்னாலும் போகும். செங்குத்துக் குழாயை எல்லோரும் பார்ப்பார்கள், பாரின் நீளத்தை யாரும் கேட்க மாட்டார்கள். உடம்பு நீண்டு கிடப்பது அதன் மேல்தான். கால் நீளம் சரியாக இருந்தும் இடுப்பு வலி என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! பிரபு, பார் நீளம்?

5:55 பிரபு அத்தான்: கறுப்பு 54.5, சிவப்பு 52.5.

5:56 நான்: கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மை இரண்டு செ.மீ. நீளமாகப் போட்டுக்கொள்ளலாமே.

5:57 கமலா அத்தை: அண்ணா இந்த வண்டியில் ஏதோ மிதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாமே. வனிதா சொல்கிறாள்

5:58 நான்: ஆமாம் அத்தை. இது ஃபிக்ஸி, ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்.

5:58 அம்மா: இறக்கத்தில்?

5:58 நான்: இறக்கத்திலும்.

5:59 அம்மா: பிரேக்?

5:59 நான்: காலாலேயே வேகத்தைக் குறைக்கலாம் அம்மா.

6:00 அம்மா: சேகர், உங்கள் பிள்ளையிடம் பேசுங்கள்.

6:03 பெரியப்பா: சேகருக்கு அனுபவம் உண்டு. ஃபிரீவீல் துருப்பிடித்து இறுகிப்போன வண்டி ஒன்று ஓவராயிலுக்கு வந்திருந்தது. தொடாதே என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போனார். இவன் அதை எடுத்துக்கொண்டு குளத்துக்கரை மேட்டிலிருந்து இறங்கினான். பாதி வழியில் வழக்கம்போல் காலை நிறுத்தினான். பெடல் நிற்கவில்லை. ஆள் மட்டும் எழுந்து போய் ஆகாயத்தாமரைக்குள் விழுந்தான்.

6:03 அப்பா: அது இப்போது எதற்கு அண்ணா?

6:04 தேவி அக்கா: சித்தப்பா 🙏🙏🙏

6:05 பிரபு அத்தான்: அத்தை, இங்கே சிங்கப்பூரில் 2021 முதல் கைப்பிரேக் இல்லாத ஃபிக்ஸியை நடைபாதையில்கூட ஓட்டக்கூடாது. சட்டம். கதிர், உனக்கும் முன் பிரேக் கட்டாயம். இப்போதுதான் கவனித்தேன், சிவப்பின் ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டையே இல்லை. பந்தயத் தடத்துக்காகச் செய்தது. கறுப்பில் இருக்கிறது.

6:06 அம்மா: கறுப்பு.

6:06 நான்: அம்மா!

6:07 நான்: சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் 1995 தெற்காசியப் போட்டிக்குக் கட்டிய வெலோட்ரோம், சைக்கிள் பந்தயத் தடம், இருக்கிறது. அங்கே போனால் பிரேக் இல்லாததுதான் சரி. தடத்தில் ஒருவன் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் மேலே ஏறிவிடுவான்.

6:07 அம்மா: நீ போகப்போவது பால் வாங்க.

6:08 நான்: பின் சக்கரத்தில் ஒரு பக்கம் ஃபிக்ஸ், மறுபக்கம் ஃபிரீவீல் வைக்கிற ஹப் வாங்குகிறேன். பயமாக இருந்தால் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

6:08 தேவி அக்கா: தோசை மாதிரி.

6:12 பெரியப்பா: நான் முக்கியமானதைச் சொல்லவே விடவில்லை. எதிலாவது மோதிய வண்டியில் ஃபோர்க் உள்ளே வளைந்துவிடும். அப்படி வந்த வண்டியைத் திருப்பும்போது காலின் முன்பகுதி மட்கார்டில் இடிக்கும். சாதாரண வண்டியில் காலை நிறுத்திப் பெடலைச் சமமாக வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். கதிர் கேட்கிற வண்டியில் காலை நிறுத்த முடியாது. மெதுவாக ஒரு முடுக்கில் திரும்பும்போது கால் முன்னால் வந்தே தீரும், சக்கரமும் காலை நோக்கியே வரும். ஃபிரேம் சின்னதாக ஆக இந்த இடம் குறையும். பிரபு, பெடல் அச்சிலிருந்து முன் சக்கர ஆக்சில் மாட்டும் இடம் வரை இரண்டிலும் அளந்து சொல்.

6:16 பிரபு அத்தான்: கறுப்பு 58. சிவப்பு 56.5. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

6:19 பெரியப்பா: டயரோடு சக்கரத்தின் ஆரம் 33.5 என்று வை. பெடல் அச்சிலிருந்து பெடல் வரை போகும் கிராங்க் 16.5. மிதிக்கிற பெடலின் நடுவுக்கு முன்னால் காலணி 9.5 நீளும். மொத்தம் 59.5. கறுப்பில் ஒன்றரை இடிக்கும், சிவப்பில் மூன்று. இரண்டிலும் இடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரைக்குக் கால் பழகிவிடும். மூன்றுக்கு நம் தெரு முனையில் ஆள்தான் விழுவான்.

6:20 தேவி அக்கா: அப்பா, மனக்கணக்கா?

6:20 பெரியப்பா: பின்னே? அந்தக் காலத்தில் எல்லாம் மனக்கணக்குதான். அப்பாவின் ராலே சைக்கிள் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

6:21 அப்பா: அண்ணா.

6:21 பெரியப்பா: பொதுவாகச் சொன்னேன்.

6:21 அப்பா: இடைஞ்சலாக நிற்கிறது என்று எல்லோரும்தான் சொன்னீர்கள்.

6:22 கமலா அத்தை: நான் சொல்லவில்லை. 1200 ரூபாய்க்கு இரும்புக்காரனிடம் போட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்

6:22 தேவி அக்கா: அது 24. 61 செ.மீ. கதிர் அதைக் குரங்குப் பெடல்தான் போட்டிருப்பான்.

6:22 சுப்பு மாமா: அருமையான வண்டி. டைனமோ மட்டும் என்னிடம் இருக்கிறது.

6:23 அப்பா: என்ன? டைனமோ உங்களிடமா?

6:23 பிரபு அத்தான்: விளக்கை அணைக்கிறார். யாராவது ஒருவர் சொல்லுங்கள். பல்சக்கரமும் வேண்டுமா?

6:24 நான்: முன்னால் 46 பல், பின்னால் 17. 48க்கு 16 வேண்டாம். அது சரியாக மூன்று சுற்று, காலைப் பூட்டிச் சறுக்கினால் டயரில் எப்போதும் ஒரே இடம்தான் தேயும். 46க்கு 17 என்றால் 17 இடம்.

6:24 அப்பா: ஒரு டயர் என்ன விலை?

6:25 பிரபு அத்தான்: ஃபிரேம்??

6:25 அம்மா: கறுப்பு

6:25 பெரியப்பா: கறுப்பு. காரணம் என்னவென்றால்

6:25 தேவி அக்கா: கறுப்பு

6:26 வனிதா: தள்ளுவண்டி

6:28 பிரபு அத்தான்: கறுப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கடை காலை 10 மணிக்குத் திறக்கும், எனக்கு விமானம் மதியம். மாற்றுவதென்றால் அதற்குள் சொல் கதிர். பெட்டி பெரியது. அதுவும் தள்ளுவண்டியும் சேர்ந்து வராது.

6:29 வனிதா: அண்ணா!!

6:29 கமலா அத்தை: நான்தான் சொன்னேனே

6:31 நான்: பெரியப்பா, சிவப்பு ஃபோர்க்கில் ஓட்டை போட முடியுமா?

6:31 நான்: சும்மா கேட்கிறேன்.

6:32 அம்மா: அந்தப் பென்சில் கோட்டை யார் அழிப்பது?

6:33 சுப்பு மாமா: [பலமுறை பகிரப்பட்டது] இரவு படுக்கும் முன் இந்த ஒரு இலை!

6:40 பெரியப்பா: கதிர், ஓட்டை போடுவது பற்றி. பதில் நீளமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

6:41 கமலா அத்தை: பிரபு பெரிய பாட்டிலா என்று கேட்டேன்