நட்ட கன்றை எண்ணினோம், நின்ற மரத்தை எண்ணினோமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை அக்கா:

வணக்கம் எல்லோருக்கும். ஒரு வாரமாக மனசை அரித்துக்கொண்டே இருக்கிற விஷயம், இங்கே இறக்கி வைக்கிறேன்.

2020 பிப்ரவரி, ஊரடங்குக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்புப் பூங்காவின் ஓரத்தில் ஆறு சென்ட் இடத்தில் மியாவாக்கி காடு வைத்தோம். ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி சொன்ன முறை. சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று, நெருக்கி நட வேண்டும். பத்து மடங்கு வேகமாக வளரும், முப்பது மடங்கு அடர்த்தியாக இருக்கும் என்று எல்லாத் துண்டறிக்கையிலும் போட்டிருந்தது. நாங்களும் அதையே அச்சடித்துக் கொடுத்தோம். எண்ணூறு கன்று வைத்தோம். அந்த எண் எனக்கு மனப்பாடம்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து பிளாட் பொண்ணு, ஒன்பதாம் வகுப்பு, பள்ளி புராஜெக்ட்டுக்காக வந்து கேட்டாள்: "ஆன்ட்டி, இதுல எத்தனை உயிரோட இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் உள்ளே போய் எண்ணவில்லை.

இரண்டு பேரும் சாக்பீஸ், நோட்டோடு உள்ளே புகுந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி பச்சை. உள்ளே நான்கு அடி போனதும் குச்சிக் காடு. புங்கமும் நீர்மருதும் மேலே ஏறிப் போய்விட்டன. வீரை, உலக்கைப்பாலை, காயா எல்லாம் நம்ம கடலோர வறண்ட பசுமைக்காட்டின் மெதுவான மரங்கள். அவை அந்த நிழலில் விரல் பருமனுக்கு மேல் போகவில்லை. ஒரு இடத்தில் தகர வில்லை தொங்கியது. பச்சை பெயின்ட்டில் "வீரை" என்று என் கையெழுத்து. அது கட்டியிருந்த குச்சியைத் தொட்டதும் ஒடிந்து கையோடு வந்தது. ஒரு முழம் தள்ளி ஒரு புங்கம், வில்லைக் கம்பியையே பட்டைக்குள் விழுங்கி நிற்கிறது.

இது தோல்வியா என்றால் அதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெருக்கி நட்டால் சில சாகத்தான் செய்யும், அந்த முறையிலேயே அது உண்டு. ஆனால் எவ்வளவு செத்தால் சரி, எவ்வளவு செத்தால் தப்பு? இயற்கையாக வளர்ந்த கிண்டி காட்டில் பெரும்பாலும் குட்டையான, மெதுவான மரங்கள். வருடத்தில் பல மாதம் காய்கிற மண் இது. நல்ல மழை வாங்குகிற ஜப்பானியக் காட்டை வைத்து உருவான அடர்த்தி நமக்குப் பொருந்துமா என்று பார்க்க, பக்கத்திலேயே ஆறு சென்ட்டில் இடைவெளி விட்டு நட்டிருக்க வேண்டும். இன்னொரு ஆறு சென்ட்டைச் சும்மாவே விட்டிருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. நடும் முன் மண்ணைக்கூடச் சோதிக்கவில்லை.

"அந்தப் பக்கம் போனாலே குளுகுளுன்னு இருக்கு" என்று நடைப்பயிற்சிக்காரர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அடர்ந்த மரச்சுவர் நிழலும் தரும், மதியத்துக்கு மேல் வருகிற கடற்காற்றையும் தடுக்கும். இரண்டையும் கழித்துக் கூட்டினால் உடம்புக்கு மிச்சம் என்ன என்று நாங்கள் அளந்ததே இல்லை.

உங்கள் ஊரில் மரமோ குளமோ கழிமுகத்து அலையாத்தி மரமோ வைத்து, பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நன்றாக வந்ததையும் எழுதுங்கள், வராததையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பரங்கிப்பேட்டைக்காரன்:

அக்கா, நீங்கள் கேட்ட கேள்வி எங்கள் கடற்கரையில் இருபது வருடமாக நிற்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினேழு வயது. அலை வந்த பிறகு ஊரில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, பிச்சாவரம் அலையாத்திக் காடு சில ஊர்களைக் காப்பாற்றியது என்று. நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான். 2005இல் கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எங்கள் கடற்கரையின் 18 மீனவக் குப்பங்களை எடுத்துக்கொண்டு, அலையாத்தி இருந்த பக்கம் உயிர்ச்சேதம் குறைவு என்று எழுதினார்கள். மறு வருடமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் அதே 18 ஊரின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, இந்த இரண்டுமே சேதத்தில் பெரும்பங்கை விளக்கிவிடுகின்றன, காட்டுக்கென்று தனியாக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றார்கள். இதற்கு நடுவில் செயற்கைக்கோள் படத்தை வைத்து கடலூர்க் கடற்கரையைப் பார்த்த இன்னொரு குழு, மரம் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றே சொன்னது.

கல்லூரியில் படிக்கும்போது முதல் தடவை இதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. எங்கள் காட்டைக் குறை சொல்கிறார்களே என்று. பிறகு ஒரு சர்வேக்கு அளவுக்கோல் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர்கள் இயல்பாகவே கடலுக்குத் தள்ளி, கொஞ்சம் மேட்டில் இருக்கின்றன. எது காப்பாற்றியது, காடா, தூரமா, மேடா? அலை வருவதற்கு முன்னாலேயே யாராவது மட்டம் எடுத்து வைத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

அந்தக் கேள்வி தீர்வதற்குள் காரியம் நடந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். சுனாமிக்குப் பிறகு "உயிர்வேலி" என்ற பெயரில் கடற்கரை நெடுகச் சவுக்கு வைத்தார்கள். சவுக்கு இந்த மண்ணின் மரம் இல்லை. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்துக் கட்டிய மேடுகள் அதற்காகச் சமமாக்கப்பட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேடுதான் அலைக்கு முதல் தடுப்பு. பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் மணலும் அதுவே. சவுக்குத் தோப்பு அலைவாய் வரை வந்துவிட்ட இடத்தில், தை மாசி ராத்திரிகளில் ஆமையின் தடம் ஏறி வந்து, வேர்ப்பக்கம் முட்டி, முட்டையிடாமல் வளைந்து திரும்பிப் போயிருக்கும். காலையில் அந்த வளைவைப் பார்க்கவே மனசு வலிக்கும்.

நல்லதையும் சொல்கிறேன். பிச்சாவரத்திலேயே வெள்ளைக்காரன் காலத்தில் கூறு கூறாகக் காட்டை வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்துபோய்க் கடல்நீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறி எதுவுமே முளைக்காமல் கிடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து முதலில் அது ஏன் முளைக்கவில்லை என்று தேடினார்கள். காரணம் தெரிந்த பிறகு மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓத நீரை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். உப்பு இறங்கியது, வெண்கண்டல் வந்தது. கன்றைக் கையில் எடுப்பதற்கு முன்னால் காரணத்தைத் தேடினார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

சைட் இன்ஜினியர்:

நான் குளம் வெட்டுகிற ஆள். ஊர் பெயரும் அலுவலகப் பெயரும் வேண்டாம்.

"ஸ்பாஞ்ச் பூங்கா" என்று ஒரு வேலை. பூங்கா நடுவில் பள்ளம் எடுத்து, மழைநீரை அதில் இறக்கி, ஓரத்தில் செடி வைப்பது. எஸ்டிமேட்டில் இரண்டு நோட்டக் கிணறு சேர்த்திருந்தேன், நிலத்தடி நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்க்க. முதலில் வெட்டப்பட்டது அந்த இரண்டு கிணறுதான். "சார், குளத்துக்குத்தான் ஃபண்டு, கிணத்துக்கு இல்ல" என்றார்கள். விளக்குக் கம்பம் மட்டும் அப்படியே நின்றது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஏக்கர் குளம், மூன்று மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர் பிடிக்கும். கேட்க பெரிதாக இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் பத்து கோடி லிட்டர். ஆக, காலிக் குளமே எட்டில் ஒரு பங்குதான் வாங்கும். அதுவும் காலியாக இருந்தால். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியிலேயே குளம் நிரம்பிவிடும், தென்சென்னைப் பக்கம் களிமண், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கார்த்திகையில் புயல் வரும்போது அந்தக் குளத்தில் இடம் எங்கே? 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அப்படித்தான், ஏற்கெனவே நனைந்திருந்த மண்ணின் மேல்தான் பெருமழை விழுந்தது.

குளம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சின்ன மழைக்கும் கோடைக்கும் அது வரம். எந்த மழைக்கு உதவும், எந்த மழைக்கு உதவாது, எந்த மாதம் மதகைத் திறந்து இறக்கி வைக்க வேண்டும் என்பதற்கு நம்ம மண்ணில் எடுத்த அளவு வேண்டும். என் கையில் இருக்கும் டிசைன் அட்டவணையில் பாதி, அயல்நாட்டு மண்ணுக்குப் போட்டது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிடும் நீர்க்கட்டி பெரியவர் ஒருவர், கலங்கலில், அதாவது ஏரி நிரம்பி வழியும் இடத்தில், தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே எத்தனை விரற்கடை என்று சொல்வார். அவரிடம் யாரும் போய் உட்கார்ந்து எழுதி எடுக்கவில்லை. போன வருடம் காலமாகிவிட்டார்.

மயிலாப்பூர் மாடித் தோட்டம்:

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவில் ஒரே நாளில் வானம் தெரிந்தது. விழுந்ததில் செம்மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும்தான் கண்ணில் நிறையப் பட்டன. ஆனால் விழுந்த வேம்பின் அடியில் பார்த்தேன், வேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பக்கமும் சிமென்ட்டும் கேபிள் பள்ளமும். மரத்தின் குணமா, அதற்கு நாம் விட்ட இடத்தின் குணமா? மரம் அறுத்துக் கொண்டுபோவதற்குள் வேரை அளந்திருந்தால் அடுத்த கன்றுக்கு எத்தனை அடி மண் விட வேண்டும் என்று தெரிந்திருக்கும். இரண்டு நாளில் லாரி வந்து எடுத்துவிட்டது.

பெரும்பாக்கம்:

நான் அதிகம் படித்தவள் இல்லை, தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் வீடு முன்பு ஆற்றங்கரையில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீர் செய்ய வேண்டும், கரையில் மரம் வைக்க வேண்டும் என்று எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் என்றார்கள். இது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டின இடம். மிக்ஜாம் அன்றைக்கு தரைத்தளத்து ஆயா வீட்டில் தண்ணீர். ஆயாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பிள்ளைகள் மாடிக்குத் தூக்கினார்கள். லிஃப்ட் இல்லை, கரண்ட் இல்லை. என் மாப்பிள்ளை பழைய ஏரியாவில் மீன் வண்டி போட்டுக்கொண்டிருந்தார், இங்கிருந்து அங்கே போய்வரவே சம்பாதித்ததில் பாதி போகிறது.

ஆற்றங்கரையில் இப்போது மரம் இருக்கும். அது நல்லதுதான், நான் மரத்துக்கு எதிரி இல்லை. அந்த மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அந்த இடத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதலாம் இல்லையா? எங்கள் பிளாக்குக்கு கொசு எண்ண வந்தார்கள், தண்ணீர் சோதிக்க வந்தார்கள். இதைக் கேட்க யாரும் வந்ததில்லை.

ஏரிக்கரை அக்கா:

தங்கச்சி, உங்களிடம் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். 2022இல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது எங்கள் குழு இனிப்பு வாங்கிக் கொடுத்தது. அதே சதுப்பின் விளிம்பில் உங்கள் கட்டடம் நிற்கிறது என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆய்வு மாணவி:

மரம், குளம், சதுப்பை வைத்தே வெள்ளத்தையும் வெப்பத்தையும் சமாளிப்பதை இயற்கைவழித் தீர்வு என்பார்கள். நான் இந்தத் துறையில்தான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னது எங்கள் துறையின் ஓட்டைகள் என்று நாங்கள் எழுதும் பட்டியலேதான், ஆனால் எங்கள் பட்டியலில் ஆயாவின் நாற்காலி இருக்காது.

ஏன் அளப்பதில்லை என்பதற்கு உள்ளிருந்து பார்த்த காரணத்தைச் சொல்கிறேன். என் உதவித்தொகை ஐந்து வருடம்கூடக் கிடையாது. ஒரு காடு பிழைத்ததா என்று சொல்ல இருபது வருடம் வேண்டும். நிதி கொடுப்பவர்கள் நடுவதற்குக் கொடுக்கிறார்கள், காத்திருப்பதற்குக் கொடுப்பதில்லை. செத்த தோட்டத்தைப் பற்றி எழுதினால் இதழ்கள் எளிதில் எடுப்பதில்லை, திட்டக்காரர்களும் உள்ளே விடமாட்டார்கள். நகரங்களில் இயற்கைவழித் தீர்வுகள் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பங்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா. வெப்பமண்டல, கடலோர, நெரிசலான ஊர்களைப் பற்றியது கொஞ்சம். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். 2020இல் இந்தத் தீர்வுகளுக்கென்று ஒரு உலகத் தரநிலையே வெளியிட்டது, 8 அளவுகோல், 28 குறியீடு. அதில் கண்காணிப்பும் இருக்கிறது, பலனும் இழப்பும் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. நம்ம ஊர் டெண்டரில் அந்த இரண்டும் வந்து நான் பார்த்ததில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு குட்டையில் கல்வாழையும் வெட்டிவேரும் வைத்த மிதவைத் தோட்டம். ஆறு மாதம் நீர் தெளிந்தது, படம் எல்லா இடத்திலும் வந்தது. செடி உறிஞ்சிய சத்து செடிக்குள்தான் இருக்கிறது, அதை வெட்டி வெளியே எடுத்தால்தான் நீர் சுத்தமாகும். வெட்டுவதற்கு யாருக்கும் சம்பளம் ஒதுக்கவில்லை. செடி அழுகி உறிஞ்சியதையெல்லாம் திரும்ப அதே நீரில் விட்டது. நான் மாதிரி எடுக்கப் போன கடைசி நாள், மிதவை கரையோரம் கவிழ்ந்து கிடந்தது, குழாயில் ஆகாயத்தாமரை சுற்றியிருந்தது.

அக்கா, உங்கள் காடு எனக்குப் பொக்கிஷம். நட்ட தேதி தெரியும், நட்ட எண் தெரியும், வில்லை இருக்கிறது. இவ்வளவு இருக்கிற இடம் கிடைப்பதே அபூர்வம். நான் வரலாமா?

ஏரிக்கரை அக்கா:

வாம்மா, எப்போது வேண்டுமானாலும் வா. என்ன எடுத்து வைக்கட்டும்?

ஆய்வு மாணவி:

தையல்காரர் டேப் ஒன்று, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுக்க. 1.3 மீட்டருக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொண்டால் குனிந்து அளக்க வேண்டாம். செத்த குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள், வில்லையோடு அப்படியே இருக்கட்டும், அதையும் எழுத வேண்டும். ஈரப்பதமும் காட்டுகிற வெப்பமானி இரண்டு என்னிடம் இருக்கிறது. ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே வெயில் நேராகப் படாத மாதிரி கட்டலாம்.

சைட் இன்ஜினியர்:

மண் துளைக்கும் ஆகர் என்னிடம் சும்மா கிடக்கிறது. கொண்டுவருகிறேன். பக்கத்தில் இடம் விட்டால் ஒரு நோட்டக் கிணறும் போட்டுவிடலாம், பைப் செலவு என்னுடையது.

ஏரிக்கரை அக்கா:

வருகிற ஞாயிறு காலை ஆறரை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். பக்கத்து பிளாட் பொண்ணு நோட்டில் இப்போதே ஒன்றிலிருந்து எண்ணூறு வரை கோடு போட்டு வைத்துவிட்டாள். பெரும்பாக்கம் தங்கச்சி, உங்களுக்கு வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் அங்கே வருகிறோம், ஆயாவையும் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறோம்.

பெரும்பாக்கம்:

இங்கே வாருங்கள் அக்கா. டீ போட்டு வைக்கிறேன்.