நார்தர்ன் சோல்: ஒரு மணி நேர செட்டுக்கு எந்த 45-கள், எந்த வரிசை?

பி_பக்கம் (கேள்வி)

டெட்ராய்ட்டின் மோடவுன் லேபிள் தந்த பெரிய ஹிட்டுகள் பழக்கம்தான். அதைத் தாண்டி, வட இங்கிலாந்து ஆல்-நைட்டர்களில் (விடிய விடிய நடந்த நடன இரவுகளில்) ஓடிய பழைய, வேகமான அமெரிக்க சோல், அதாவது நார்தர்ன் சோல் பக்கத்துக்குள் இறங்க வேண்டும். ஒரு சோல் நைட்டில் ஒரு மணி நேரம் ரெக்கார்டு போடும் பொறுப்பு இருக்கிறது. 45 ஆர்பிஎம் தட்டுகள் மட்டும்தான், சிடி, லேப்டாப் எதுவும் கிடையாது.

எந்தப் பாட்டுகளில் தொடங்கலாம், எந்த வரிசையில் போட்டால் தரை காலியாகாது? தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? டெக்கை எப்படி அமைப்பது? கூடவே ஆடுகிறவர்கள் பக்கமிருந்தும் யாராவது சொன்னால் நல்லது. தரையில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் பெட்டியை அடுக்கிப் பயனில்லை.

ரிக்டிக்_பித்தன்

முதலில் ரேர் தட்டு மோகத்தை ஓரமாக வையுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பாட்டு என்பது ஒரு தகுதியே இல்லை. பாட்டு காலைத் தூக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலைத் தூக்க வைப்பது எது என்றால், 1960-களின் நடுவில் டெட்ராய்ட்டில் பதிவானவற்றில் பலவும் ஒரே அச்சு: ஸ்னேர் டிரம் நான்கு அடிக்கும் விழும், டாம்பரின் அதோடு ஒட்டி ஓடும், பாஸ் மட்டும் கொஞ்சம் தளர்வாக நகரும். இதைத்தான் ஸ்டாம்பர் என்கிறோம். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 135 அடி. 100 முதல் 115 வரை மிட்-டெம்போ. 140-க்கு மேல் போனால் இரண்டு பாட்டுக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள்.

மோடவுனுக்கு வெளியே முதலில் தேட வேண்டியது ரிக்-டிக், கோல்டன் வேர்ல்ட், ரெவிலாட் லேபிள்கள். மோடவுன் ஸ்டூடியோவின் ஃபங்க் பிரதர்ஸ் வாத்தியக்காரர்கள் கூடுதல் காசுக்காக ரிக்-டிக்கிலும் வந்து வாசித்தார்கள். அதனால்தான் அந்தச் சத்தம் இவ்வளவு பரிச்சயமாக இருக்கிறது. எட்வின் ஸ்டாரின் 'ஏஜென்ட் டபுள்-ஓ-சோல்' (1965), ஜே.ஜே. பார்ன்ஸின் 'ப்ளீஸ் லெட் மீ இன்' இரண்டும் ரிக்-டிக். டாரெல் பேங்க்ஸின் 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' (1966) ரெவிலாட். சிகாகோ வேண்டுமென்றால் ஓகே லேபிளின் மேஜர் லான்ஸ், பில்லி பட்லரின் 'ரைட் ட்ராக்' (1966). ஃபிலடெல்ஃபியாவுக்கு பார்க்வே லேபிளில் இவான் பேக்கரின் 'யூ டிட்ன்ட் சே அ வேர்ட்'. அந்தப் பாட்டின் முன்னிசை தொடங்கியதும் தரைக்கு ஓடாதவரை இன்னும் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் என்றால் கணக்கு இப்படி: பாட்டு சராசரி இரண்டரை நிமிடம், இடையில் மைக்கில் பாடகர், பாட்டு, லேபிள் பெயரைச் சொல்ல சில வினாடிகள். ஆக 22 பாட்டு. 35 தட்டு எடுத்துப் போங்கள். மிச்சமுள்ள 13, தரை நீங்கள் நினைத்த திசையில் போகாதபோது திருப்புவதற்கு.

முதல் ஐந்து பாட்டு மிட்-டெம்போ. ஜாக்கி வில்சனின் 'த ஸ்வீட்டஸ்ட் ஃபீலிங்' (1968) நல்ல வாசல். உடம்பு சூடாகும், மூச்சு வாங்காது. பிறகு பேங்க்ஸ், பார்ன்ஸ் என்று ஏற்றி, நடுப்பகுதியில் டோபி கிரேயின் 'அவுட் ஆன் த ஃப்ளோர்' (1966), ஆல் வில்சனின் 'த ஸ்னேக்' (1968), ஆர். டீன் டெய்லரின் 'தேர்ஸ் அ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' (1967). ஸ்டாம்பர்களைத் தொடர்ந்து நான்குக்கு மேல் அடுக்காதீர்கள். ஐந்தாவதாகக் கொஞ்சம் இறங்கிய ஒரு பெண் குரல் வரட்டும், வெல்வெலெட்ஸ் மாதிரி. அதற்குப் பின் மறுபடி ஏறலாம்.

இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒட்டவைத்துக் கலக்கும் பீட்-மிக்ஸிங் வேண்டவே வேண்டாம். இந்தப் பாட்டுகள் கையால் வாசித்தவை, வேகம் உள்ளுக்குள்ளேயே ஏறி இறங்கும். ஒன்று முழுதாக முடியட்டும், கைதட்டல் அடங்கட்டும், அடுத்தது அதன் முதல் அடியோடு பாயட்டும்.

முடிவுக்கு, விகன் ஊரின் நடனக்கூடமான விகன் கசினோ ஒரு மாதிரி விட்டுப் போயிருக்கிறது. 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர் வரை அங்கே ஆல்-நைட்டர் காலை எட்டு மணிக்கு முடியும். கடைசி மூன்று பாட்டும் எப்போதும் அதே மூன்று. டோபி லெஜன்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', ஜிம்மி ராட்க்ளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டீன் பாரிஷின் 'ஐம் ஆன் மை வே'. 'த்ரீ பிஃபோர் எய்ட்' என்று பெயர். இரவின் கடைசி செட் உங்களுடையதாக இருந்தால் மட்டும் இவற்றைத் தொடுங்கள். ஒன்பது மணிக்குப் போட்டால் வீட்டுக்குப் போகச் சொல்வது போல ஆகிவிடும்.

ஹைலேண்ட்_ரூம்

மேலே சொன்னதில் தப்பில்லை, ஆனா அது ஒரு வீட்டுச் சமையல் மட்டும். விகன் மட்டுமே நார்தர்ன் சோல் கிடையாது.

மான்செஸ்டர் ட்விஸ்டெட் வீல் கிளப் 1963-லேயே தொடங்கிடுச்சு, விகனுக்குப் பத்து வருஷம் முன்னாடி. நார்தர்ன் சோல்ங்கற பேரே அந்தக் காலத்துப் பேருதான். லண்டன் கோவென்ட் கார்டன்ல சோல் சிட்டின்னு கடை வச்சிருந்த டேவ் காடின், வடக்கே இருந்து வர்ற வாடிக்கையாளர்கள் புது ஃபங்க் கேக்காம பழைய வேகப் பாட்டையே கேக்கறதப் பார்த்து, கடைக்காரங்களுக்குள்ள ஒரு அடையாளமா வச்ச பேர். அப்புறம் 'ப்ளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில எழுதினார், ஒட்டிக்கிச்சு.

நான் சொல்ல வர்றது பிளாக்பூல் மெக்காங்கற நடனக்கூடம். அங்க ஹைலேண்ட் ரூம்ல இயான் லெவினும் காலின் கர்ட்டிஸும் 1970-களின் நடுவுல புதுசா வெளிவந்த தட்டுகளையே போட ஆரம்பிச்சாங்க. கார்ஸ்டேர்ஸின் 'இட் ரியலி ஹர்ட்ஸ் மீ கேர்ள்' (1973), கில் ஸ்காட்-ஹெரனின் 'த பாட்டில்' (1974). நாலு அடிக்கும் தட்டுற ஸ்னேர் இல்ல, ஆனா ஆட்டம் நிக்காது. பழமைவாதிங்களுக்குக் கோவம் வந்துச்சு, அந்தச் சண்டை இன்னும் முடியல. வேடிக்கை என்னன்னா மெக்கா ராத்திரி ரெண்டு மணிக்கே மூடிடும். அங்க ஆடிட்டு பல பேர் நேரா விகனுக்கு வண்டி ஏறிடுவாங்க. காலுக்குக் கட்சி கிடையாது.

1982-லருந்து 86 வரைக்கும் ஸ்டாஃபர்டு டாப் ஆஃப் த வேர்ல்டு அரங்குல இன்னொரு ருசி வந்துச்சு: யாரும் கேட்டிராத 60-கள் தட்டு, அதுலயும் மெதுவான பீட் பாலட். உங்க 22-ல நாலு இடமாவது இந்த ரெண்டு பக்கத்துக்கும் குடுங்க. வெறும் ஸ்டாம்பர் மட்டும்னா அரை மணி நேரத்துல காது மரத்துடும்.

தவிர்க்க வேண்டியது: 1975-ல விகன் பேரைச் சொல்லி டிவி வரைக்கும் போன 'ஃபுட்ஸீ', 'ஸ்கீயிங் இன் த ஸ்னோ' ரகம். விவரம் தெரிஞ்ச கூட்டம் முகம் சுளிக்கும், தெரியாத கூட்டம் அதுதான் நார்தர்ன் சோல்னு நினைச்சுடும்.

முள்ளும்_தட்டும்

தட்டு, டெக் இரண்டுக்கும் நான் எழுதுகிறேன்.

அமெரிக்க 45-களில் கணிசமானவை வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற வேறு பிளாஸ்டிக். கொலம்பியா குழுமத்து ஓகே தட்டுகள் நிறைய அப்படித்தான். கலிஃபோர்னியாவின் மோனார்க் ஆலையில் அச்சானவையும். விளிம்பில் லேசாக வளைத்தால் வினைல் நெகிழும், ஸ்டைரீன் விறைப்பாக இருக்கும். லேபிள் வினைலில் தட்டோடு சேர்ந்தே அழுத்தப்பட்டிருக்கும், ஸ்டைரீனில் பின்னால் ஒட்டியது, சிலநேரம் ஓரம் எழும்பும். தேய்ந்த ஸ்டைரீனை வெளிச்சத்தில் சாய்த்தால் வரிகள் (முள் ஓடும் பள்ளங்கள்) சாம்பல் பூத்திருக்கும். அந்தத் தேய்மானம் எந்தக் கழுவலிலும் போகாது, பாடகர் 'ஸ' சொல்லும் இடமெல்லாம் கரகரக்கும்.

ஸ்டைரீனை முள்ளுக்குக் கீழே முன்னும் பின்னும் ஆட்டிக் க்யூ செய்யவே (பாட்டின் தொடக்க இடத்தைத் தேடவே) கூடாது. முதல் அடி விழும் இடத்தில் வரி வெந்து, ஒரு இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடும். முதல் ஒலி வந்ததும் தட்டை விரலால் நிறுத்தி, கால் சுற்று மட்டும் மெல்லப் பின்னால் கொண்டுபோய் அங்கேயே பிடித்திருங்கள். ஸ்லிப்மேட் என்ற வழுக்கு விரிப்புக்குக் கீழே டெக்கின் சுழல்மேசை ஓடட்டும். உருண்டை முனை முள் போதும். எலிப்டிகல் (நீள்வட்ட முனை) முள்ளை அதிக எடையோடு வைத்தால் ஸ்டைரீனைச் செதுக்கிவிடும். எடை, முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் அளவு. பெரும்பாலான டிஜே கார்ட்ரிட்ஜ்களுக்கு 3 கிராம் பக்கத்தில். முள் குதிக்கிறது என்று எடையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். குதிப்பது பெரும்பாலும் ஆட்டத்தில் மேடை அதிர்வதால். டெக்குக்குக் கீழே கனமான கல் பலகை, அதற்கும் கீழே ரப்பர், மிக்ஸரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு: இதிலேயே முக்கால்வாசி சரியாகும்.

மிக்ஸரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அந்தக் காலத்து 45-கள் பெரும்பாலும் மோனோ. இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது வெறும் இரைச்சல். இரண்டு சேனலையும் கூட்டினால் அந்த இரைச்சல் தன்னையே அடித்துக்கொண்டு குறையும்.

ஸ்டிக்கர் பசையை எடுக்க லைட்டர் பெட்ரோலையோ வேறு கரைப்பானையோ ஸ்டைரீன் மேல் தேய்க்காதீர்கள், மேற்பரப்பு வெடித்து மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான துணி. லேபிள் நனையக் கூடாது.

போலித் தட்டு: 70-களிலேயே நார்தர்ன் சோல் பூட்லெக் கொடிகட்டிப் பறந்தது. லேபிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அச்சடிப்பது எளிது. வரி முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். ஒரிஜினலில் மாட்ரிக்ஸ் எண்ணோடு (தட்டின் அச்சு எண்) பெல் சவுண்ட் போன்ற ஸ்டூடியோவின் முத்திரை இயந்திரத்தால் குத்தியிருக்கும். மோனார்க் என்றால் வட்டத்துக்குள் 'எம்ஆர்' என்ற எழுத்தும் ஒரு முக்கோணத்தோடு எண்ணும். அந்தப் பதிப்புக்கு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எண் மட்டும் இருந்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். லேபிள் எழுத்தின் விளிம்பு மங்கியிருந்தால் அது படம் பிடித்து மறுபடி அச்சிட்டது.

விலை பதிப்பைப் பொறுத்தது, பாட்டைப் பொறுத்து அல்ல. மேலே சொன்ன டாரெல் பேங்க்ஸ் பாட்டு பிரிட்டனில் ஸ்டேட்சைட் லேபிளில் சாதாரணமாகக் கிடைக்கும். அதே பாட்டை லண்டன் லேபிளும் அச்சிட்டு, உரிமைத் தகராறில் நிறுத்தியது; அந்தத் தட்டு தப்பித் தவறிக் கிடைத்தால் சொத்து. ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' (1965) பாட்டின் அசல் தட்டு, மோடவுனின் 'சோல்' என்ற லேபிளில் வந்தது, ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. ஆடுவதற்கு 1979-ல் டாம்லா மோடவுன் பிரிட்டனில் வெளியிட்டதே போதும். ஒரு எச்சரிக்கை: அழைப்பில் 'ஓவிஓ' என்று இருந்தால் அசல் பதிப்பு மட்டும் என்று பொருள். அங்கே மறுபதிப்பு போட்டால் யாரும் கத்த மாட்டார்கள், மறுமுறை கூப்பிடவும் மாட்டார்கள்.

மரத்தரை

ஆடுறவங்க சார்பா.

ஜோடி ஆட்டம் இல்லை, ஒவ்வொருத்தரும் தனியா. அடிப்படை அசைவு பக்கவாட்டு நகர்வு: எடை முன்பாதத்துல, குதிகால் தரையை உரசினா போதும், ஸ்னேர் விழும்போது ஒரு அடி. வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு. தோள் அமைதியா இருக்கணும், வேலை முழுக்க இடுப்புக்குக் கீழே. இது பழகாம சுழற்சிக்குப் போகாதீங்க.

சுழற்சிக்கு இடம் பாட்டுலயே இருக்கு, குரல் நின்னு வாத்தியம் மட்டும் வர்ற நாலு அல்லது எட்டு பார் (ஒரு பார்னா நாலு அடி). டிஜே இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். அந்த இடத்துல மைக்ல பேசினீங்கன்னா கொலைக்குத்தம். ஒரு காலை மறு காலுக்குக் குறுக்க வச்சு, கையை மார்போட இழுத்து, எதிர்ல ஒரே புள்ளியைப் பார்த்துச் சுத்தணும். கை விரிஞ்சா வேகம் குறையும், பக்கத்துல இருக்கறவருக்கும் அடி படும். பின்னால விழுந்து கை ஊனி எழற பேக்டிராப்புக்கு, முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கணும். நேரா நீட்டி ஊனினா மொத்த எடையும் மணிக்கட்டுல இறங்கும்.

தோல் அடி வச்ச ஷூ. ரப்பர் அடி தரையைப் பிடிச்சுக்கும்: கால் நிக்கும், முழங்கால் மட்டும் திரும்பும், அங்கதான் வலி ஆரம்பிக்குது. டால்கம் பவுடரை அரங்கக்காரங்ககிட்ட கேக்காம தூவாதீங்க, பல இடத்துல தடை. அனுமதி இருந்தா ஓரமா ஒரு சிட்டிகை போட்டு முன்பாதத்தை அதுல தேய்ச்சுக்கணும். அதிகமாப் போட்டு அது மேல பீர் சிந்தினா களிம்பாகி, தரை வழுக்கறதுக்குப் பதிலாப் பிடிக்கும். அதனாலதான் கிளாஸோட தரைக்குள்ள வரக் கூடாதுங்கறது.

பி_பக்கம்

மிக்க நன்றி. ஒன்றே ஒன்று: அமெரிக்கத் தட்டு சிலவற்றில் நீண்ட சுரம் வரும்போது குரல் அலை அலையாக ஆடுகிறது. டெக் வேகம் சரியாகத்தான் இருக்கிறது, பிரிட்டிஷ் தட்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லை.

முள்ளும்_தட்டும்

தட்டு மையம் விலகிச் சுற்றுகிறது. அமெரிக்கத் துளை 38 மில்லிமீட்டர், அந்தத் துளையை நிரப்ப வைக்கும் உங்கள் அடாப்டர் அதற்குச் சற்றுச் சிறியதாக இருக்கும். தட்டு ஓடும்போது டோன்-ஆர்மை (முள்ளைத் தாங்கும் கையை) பாருங்கள். சுற்றுக்கு ஒருமுறை உள்ளேயும் வெளியேயும் அசைந்தால் அதேதான். பிளாஸ்டிக் அடாப்டரை விட்டுவிட்டு உலோகத்தில் ஒன்று வாங்குங்கள், இன்னும் தளர்வாக இருந்தால் அதன் விளிம்பில் ஒரு சுற்று மெல்லிய டேப். அதற்குப் பிறகும் ஆடினால் துளையே ஆலையில் தள்ளிப் போடப்பட்டது. அந்தத் தட்டை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.