கெர்னல் எழுதுவோர் பூட்லோடரையும் தாமே எழுத வேண்டுமா?

வேலந்தாவளம்:
எங்கள் பகுதி மாணவர்கள் சிலர், தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களும் மலையாளவழியில் படித்தவர்களுமாகச் சேர்ந்து, ஒரு சிறு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, அடியிலிருந்து எழுதத் தொடங்கியுள்ளனர். கணினி துவங்கும்போது கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரலான பூட்லோடரையும் அவர்கள் தாமே எழுத வேண்டும் என்கிறேன். வட்டின் முதல் 512 பைட்டுகளை நினைவகத்தின் 31,744 ஆம் முகவரியில் ஏற்றிவிட்டு, கணினியின் பழைய துவக்க நிரலான பயாஸ் விலகிக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்து எழுதிப் பார்க்காதவருக்கு இயந்திரம் எந்த நிலையில் கைக்கு வருகிறது என்பது விளங்காது.

மீனாட்சிபுரம்:
ஐயா, மறுக்க அனுமதியுங்கள். அந்த 512 பைட்டுகளில் மாணவர் கற்பது பெரும்பாலும் ஐபிஎம் நிறுவனம் 1980களில் எடுத்த முடிவுகளையே. ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தை எட்ட உதவும் ஏ20 இணைப்பை விசைப்பலகைக் கட்டுப்படுத்தியின் வழியாகத் திறப்பது கெர்னல் அறிவாகாது. ஏற்கெனவே உள்ள பூட்லோடரான க்ரப் வழியாக ஏற்றினால் 32 பிட் நிலையும் நினைவக வரைபடமும் ஆயத்தமாகக் கிடைக்கும். பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்தாளுதல்), இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் அழைப்பு), பணி மாற்றம் ஆகியவற்றுக்கு நேரே போகலாம்.

வேலந்தாவளம்:
தம்பி, க்ரப் வந்தாலும், ஐபிஎம் பிசி வெளிவந்த 1981 உங்களை விடுவதில்லை. முதல் 32 இன்டரப்ட் எண்களை இன்டெல் தனக்கென ஒதுக்கியிருந்தும், ஐபிஎம் தன் வன்பொருள் இன்டரப்டுகளை 8 முதல் 15 வரை அமர்த்தியது. க்ரப் அதை மாற்றுவதில்லை. மாணவர் இன்டரப்டை அனுமதித்த கணத்தில் கடிகாரத் துடிப்பு 8 ஆம் எண்ணில் வருகிறது. க்ரப் விட்டுச்செல்லும் 32 பிட் பாதுகாப்பு நிலையில் அதுவே, ஒரு பிழையைக் கையாளப் போகும்போது மற்றொன்று நேரும் இரட்டைப் பிழையின் எண். அதற்கான கையாளி எழுதப்பட்டிருந்தால் நடக்காத பிழையைத் தேடி அலைவார். எழுதப்படாவிட்டால் இரட்டைப் பிழையையும் கையாள முடியாத மும்மைப் பிழையில் இயந்திரம் மறுபடி மறுபடி துவங்கும். பயாஸோடு பழகியவர் காரணத்தை உடனே ஊகிப்பார்.

மீனாட்சிபுரம்:
பழகியதால் அன்று, இன்டெல் கையேட்டைப் படித்ததால் ஊகிப்பார். வன்பொருள் இன்டரப்டுகளை நிர்வகிக்கும் இரண்டு 8259 சில்லுகளுக்கும் சில கட்டளைகளை அனுப்பி அவ்வெண்களை 32 முதல் 47 வரை நகர்த்தினால் சிக்கல் தீர்ந்தது. ஒரு கணினியைப் போலவே செயல்படும் மென்பொருளான க்யூஇஎம்யுவில் மறுதொடக்கத்தைத் தடுத்து, இன்டரப்ட் பதிவைத் திறந்து பார்த்தால் எந்த எண் வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கோவிந்தாபுரம்:
மாணவர்கள் திரையில் தமிழையும் மலையாளத்தையும் காட்ட விரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 80 பத்தி, 25 வரி கொண்ட விஜிஏ எழுத்துத் திரையில் ஒரே அளவுக் கட்டங்களில் 256 வடிவங்கள், மிஞ்சினால் 512 தான் அடங்கும். கொழிஞ்சாம்பாறை என்ற பெயரின் முதல் எழுத்திலேயே ஒகரக் குறி ஒரே குறியீடாக ககரத்துக்குப் பின் சேமிக்கப்பட்டு, வரையும்போது இருபுறமும் பிரிந்து நிற்கிறது, மலையாளத்திலும் அப்படியே. இதற்குப் புள்ளி புள்ளியாக வரையும் பிரேம்பஃபர் வேண்டும். க்ரப்பிடம் கெர்னலின் தலைப்புப் பகுதியில் கேட்டாலே அது கிடைக்கும். சொந்த பூட்லோடர் என்றால் செயலியின் தொடக்க 16 பிட் நிலையான ரியல் மோடிலேயே, திரைமுறையை அமைக்கும் விபிஇ அழைப்புகளைச் செய்ய வேண்டும். வட்டைப் படிக்கும் நிரலோடு அதுவும் 512 பைட்டுகளில் அடங்காமல் இரண்டாம் கட்டம் தேவைப்படும்.

வேலந்தாவளம்:
இரண்டாம் கட்டம் எழுதுவது தண்டனையா? இருப்பினும் எழுத்துப் பிரச்சினை நியாயமானது. கெர்னல் க்ரப்பிலேயே ஏறட்டும். அதற்கு முன், ஒரு வரியை மட்டும் திரையிடும் பூட் செக்டரை (வட்டின் அந்த முதல் 512 பைட்டுகளை) ஒவ்வொருவரும் தனியே எழுதட்டும்.

மீனாட்சிபுரம்:
தனிப் பயிற்சியாக இருப்பின் எனக்குத் தடையில்லை. கெர்னலின் களஞ்சியத்தில் அது சேரக்கூடாது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸுக்கு மாற்றாக வந்த யுஇஎஃப்ஐ மட்டுமே இருப்பதால், க்யூஇஎம்யுவிலோ பழைய கணினியிலோதான் அது ஓடும் என்பதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.