லெப்டினன்ட் ஜெனரலா மேஜர் ஜெனரலா, யார் மேலே?

ஆரையம்பதி அச்சுக்காரன்:
நான் அச்சகத்தில் டைப்செட் பண்ணுகிறவன். போன மாதம் ஒரு கட்டடத் திறப்புவிழா அழைப்பிதழில் இராணுவ மேஜர் ஒருவரின் பெயரை மேலேயும் கடற்படைக் கப்டன் ஒருவரின் பெயரைக் கீழேயும் போட்டுவிட்டேன், கப்டனை விட மேஜர் பெரியவர்தானே என்ற நினைப்பில். விழாக்காரர் கார்டை மேசையில் வைத்து, கடற்படைக் கப்டன் என்றால் இராணுவக் கேணலுக்குச் சமம் என்றார். 300 கார்டும் திரும்ப அடித்தோம், கடதாசிக் காசு என் கணக்கில். இப்போது ஒரு புத்தக வெளியீட்டுக்கு ஓய்வுபெற்ற மூன்று பேர் வருகிறார்கள்: லெப்டினன்ட் ஜெனரல், ரியர் அட்மிரல், எயார் வைஸ் மார்ஷல். லெப்டினன்ட் மேஜருக்குக் கீழே என்றால் லெப்டினன்ட் ஜெனரலும் மேஜர் ஜெனரலுக்குக் கீழேதானா? வைஸ் என்றால் உதவி, அப்போ அவர்தான் கடைசியா? நாளைக்குப் புரூப் கொடுக்க வேண்டும்.

அக்கரைப்பற்று நானா:
இல்லை தம்பி, லெப்டினன்ட் ஜெனரல்தான் மேலே. மேஜர் ஜெனரல் என்பது ஆதியில் சார்ஜன்ட் மேஜர் ஜெனரல், பழைய இங்கிலாந்துப் படையில் அப்படித்தான் சொன்னார்கள், முன்னால் இருந்த சார்ஜன்ட் காலப்போக்கில் உதிர்ந்துபோனது. லெப்டினன்ட் என்றால் இன்னொருவரின் இடத்தில் நின்று வேலை பார்ப்பவர். ஜெனரலின் இடத்தில் நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல், அவருக்கு அடுத்தவர் மேஜர் ஜெனரல், அதற்குக் கீழே பிரிகேடியர். பெயரை வைத்து எடை போட்டால் எல்லோரும் இதில் வழுக்குவார்கள்.

கல்லாறு டீச்சர்:
வைஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடற்படையில் கொமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்று ஏறும். பாய்க்கப்பல் காலத்தில் அட்மிரல் நடுவில், வைஸ் அட்மிரல் முன்னணியில், ரியர் அட்மிரல் பின்னணியில் நின்று கப்பல்களை நடத்தினார்கள், ரியர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். விமானப்படையில் எயார் கொமடோர், எயார் வைஸ் மார்ஷல், எயார் மார்ஷல், எயார் சீஃப் மார்ஷல். இரண்டு ஏணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வைஸ் அட்மிரல் மூன்றாம் படி, எயார் வைஸ் மார்ஷல் இரண்டாம் படி. அதே வைஸ், ஆனால் ஒரு படி வித்தியாசம். உங்கள் அழைப்பிதழில் ரியர் அட்மிரலும் எயார் வைஸ் மார்ஷலும் சமம், இருவரும் மேஜர் ஜெனரல் தரம்.

புணானை வீதி:
தோளைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டிக்கு ஒருவர் தோளில் மூன்று நட்சத்திரத்தோடு வந்தார், பெடியன்கள் த்ரீ ஸ்டார் ஜெனரல் என்று ஓடினார்கள். அவர் இராணுவக் கப்டன். மேஜர் ஜெனரலுக்குத் தோளில் ஒரே நட்சத்திரம்தான், அதோடு குறுக்காக வாளும் கோலும் இருக்கும். அந்த வாளையும் கோலையும் தேடுங்கள். பிரிகேடியருக்கு அது கிடையாது.

மறுகா, பத்திரிகைகள் எல்லோரையும் தளபதி என்று எழுதுவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். தளபதி பதவி, லெப்டினன்ட் ஜெனரல் தரம், இரண்டும் வேறு. 1955இல் இலங்கையரில் முதல் இராணுவத் தளபதியானவர் அன்ரன் முத்துக்குமாரு, அவர் எட்டிய தரம் மேஜர் ஜெனரல். 1960 முதல் 1970 வரை கடற்படையை நடத்திய ராஜன் கதிர்காமர் ரியர் அட்மிரல். இரண்டு பேரும் தமிழர், எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இன்று அதே நாற்காலிகளில் இருப்பவர்களின் தரம் லெப்டினன்ட் ஜெனரல், வைஸ் அட்மிரல். படை பெருகப் பெருக நாற்காலிக்குரிய தரமும் ஏறியது.

கல்லாறு டீச்சர்:
உண்மை. ஜெனரலுக்கும் மேலான ஐந்து நட்சத்திரத் தரமும் இங்கே மூன்று படையிலும் கொடுக்கப்பட்டிருக்கிறது: 2015 மார்ச்சில் சரத் பொன்சேகாவுக்கு பீல்ட் மார்ஷல், 2019 செப்டம்பரில் மற்ற இரண்டு படைகளின் முன்னாள் தளபதிகளுக்கு. இந்தியக் கடற்படையில் அந்தத் தரம் இதுவரை ஒருவருக்கும் இல்லை.

ஆரையம்பதி அச்சுக்காரன்:
நன்றி டீச்சர், நானா, அண்ணா. லெப்டினன்ட் ஜெனரல் முதல் வரி, சரி. மற்ற இருவரும் சமம் என்றால் யாரை முதலில் போடுவது?

அக்கரைப்பற்று நானா:
இராணுவம், கடற்படை, விமானப்படை என்பதுதான் வழக்கமான வரிசை, அதன்படி ரியர் அட்மிரல் முன்னே வரட்டும். ஆனால் அடிக்கும் முன் விழாக்காரரிடம் பெயர்களைக் காட்டி கையெழுத்து வாங்கிவிடு தம்பி, ஓய்வுபெறும் நாளில் ஒரு படி ஏற்றிக் கொடுப்பதும் உண்டு.